கோஸுமெல்லில் ஒரு பகல்: துலும் போகலாமா, தீவிலேயே இருந்துவிடலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் மயாமியிலிருந்து 7 இரவுக் கப்பல் பயணம். நீங்கள், உங்கள் கணவர், 8 வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் 67 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. நாலு பேரும் சைவம், யாருக்கும் சரியாக நீச்சல் தெரியாது. மெக்சிகோவின் கோஸுமெல் தீவில் கப்பல் காலை 8 முதல் மாலை 5 வரை நிற்கிறது, மறுநாள் கிராண்ட் கேமன் தீவு. மாயா என்ற பழங்குடி மக்கள் கட்டிய துலும் என்ற பழைய நகரத்துக்குக் கப்பல் நிறுவனமே ஒரு டூர் விற்கிறது. அதே இடத்துக்கு வெளியில் ஏறக்குறைய பாதி விலையில் இன்னொன்று கிடைக்கிறது. எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மேலுக்குப் பார்த்தால் இது விலை பற்றிய கேள்வி. ஆனால் நீங்கள் எழுதியதற்குள் வேறு இரண்டு கவலைகள் தெரிகின்றன. தாமதமானால் கப்பல் நம்மை விட்டுவிட்டுப் போய்விடுமா? அம்மாவால் முடியுமா? ஃபுளோரிடாவிலிருந்து மேற்குக் கரீபியன் போகும் கப்பல்களில் கரைச் சுற்றுலா மேசையில் 9 வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த மேசைக்கு வரும் குடும்பங்களில் பாதிப் பேர் விலையைக் கேட்டபடியே இந்த இரண்டையும்தான் கேட்பார்கள். அதனால் என் முடிவை முதலிலேயே சொல்கிறேன்: உங்கள் குடும்பத்துக்கு அந்த நாளில் துலும் வேண்டாம். கப்பல் டூரும் வேண்டாம், வெளி டூரும் வேண்டாம். கோஸுமெல் தீவிலேயே இருங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் துலும் அருமையான இடம். வேண்டாம் என்று சும்மா சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை.

முதலில் மணிக்கணக்கு. கப்பல் 9 மணி நேரம் நிற்கிறது என்றால் உங்கள் கையில் 9 மணி நேரம் இருப்பதாக அர்த்தமில்லை. 8 மணிக்குக் கட்டினாலும் மெக்சிகோ அதிகாரிகள் அனுமதி கொடுத்து, கேங்வே என்ற இறங்கு பாலம் திறந்து, ஆயிரக்கணக்கானவர்களோடு நீங்களும் இறங்கி, கப்பல் கட்டும் மேடையான பியரின் நீளத்தை நடந்து வெளியே வர எட்டரை ஆகிவிடும். மாலை 5 மணிக்குக் கிளம்பும் கப்பலில் பெரும்பாலும் நாலரைக்கெல்லாம் எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். ஆக மிஞ்சுவது 8 மணி நேரம். துலும் கோஸுமெல் தீவில் இல்லை, எதிர்க்கரையில் யுகடான் நிலப்பரப்பில் இருக்கிறது. தீவின் சான் மிகேல் ஊரிலிருந்து ஃபெர்ரி பிடித்து, ஏறத்தாழ 19 கிலோமீட்டர் அகலக் கடற்கால்வாயைத் தாண்டி, பிளாயா தெல் கார்மன் போய்ச் சேர முக்கால் மணி நேரம். அங்கிருந்து பஸ்ஸில் துலும் அறுபது கிலோமீட்டருக்கு மேல், ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. 9 மணி ஃபெர்ரி கிடைத்தால் பிளாயாவில் இறங்கும்போது 9.45. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கிளம்ப 10. நுழைவாயிலுக்குப் போகும்போது 11.15. திரும்பும் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 4.15க்குப் பியரில் இருக்க வேண்டுமென்றால் 3 மணி ஃபெர்ரி. அதற்கு 2.30க்கு பிளாயா. அதற்கு 1.15க்குத் துலும் வாசலில் பஸ் ஏறியாக வேண்டும். நடுவில் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதிலும் நடை, வரிசை, கழிப்பறை போக, கல்லையும் கடலையும் பார்க்க ஒன்றேகால் மணி நேரம் கிடைத்தால் பெரிது. இத்தனைக்கும் கையிருப்பு 15 நிமிடம்தான். பட்டியலில் '7 மணி நேர டூர்' என்று போட்டிருப்பதில் போக்குவரத்தும் அடக்கம் என்பதை முக்கால்வாசிப் பேர் கவனிப்பதில்லை. எந்த டூரை வாங்கினாலும் மேசையில் இருப்பவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "அந்த இடத்தில் கால் வைத்ததிலிருந்து எடுக்கும்வரை எத்தனை நிமிடம்?" தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார்.

ஜூலை என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. கோஸுமெல் இருக்கும் கின்டானா ரோ மாநிலத்தில் 2015லிருந்து வருடம் முழுக்க ஒரே நேரம்தான், கோடைக்காலத்துக்கென்று கடிகாரத்தை மாற்றுவதில்லை. மயாமியில் மாற்றுகிறார்கள். அதனால் ஜூலையில் கோஸுமெல் கடிகாரம் மயாமியைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். சில கப்பல்கள் மயாமி நேரத்தையே வைத்துக்கொள்ளும், சில உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடும். கப்பலில் தினமும் தரும் தகவல் தாளான தினத்தாளில் போட்டிருப்பார்கள். கைபேசியோ கரையில் சிக்னல் கிடைத்ததும் தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். ஓர் ஆகஸ்ட் மாதம் நான் கேங்வே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கடைசி ஆளும் ஏற வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. பியரின் அந்தக் கோடியில் ஓர் இளம் தம்பதி, கையில் தேங்காய் ஐஸ்கிரீமோடு, கடைகடையாகப் பார்த்தபடி நிதானமாக வந்துகொண்டிருந்தார்கள். மேல்தட்டுகளில் நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கையை அசைத்துவிட்டு, கைபேசியை எடுத்துப் பார்த்தாள். அவள் கணக்கில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கயிறு அவிழ்க்கப் போனவர்கள் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. ஐஸ்கிரீமைப் போட்டுவிட்டு இருவரும் ஓடிவந்து ஏறிவிட்டார்கள். பியரின் மேல் இருந்ததால் தப்பித்தார்கள். பிளாயாவில் இருந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது. கைபேசியைத் தவிர, கப்பல் நேரம் வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றை உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் கட்டிக்கொள்ளுங்கள்.

விட்டுவிட்டுப் போவார்களா என்றால், போவார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. துறைமுகத்தில் இடம் பிடித்த நேரம் முடிந்தால் கூடுதல் செலவு, அடுத்த துறைக்குப் போய்ச் சேரும் நேரமும் தள்ளிப்போகும். நாலு பேருக்காகக் கேப்டன் கொஞ்சம் பார்ப்பார், அவ்வளவுதான். கப்பல் நிறுவனம் விற்ற டூரில் நீங்கள் இருந்தால் கதை வேறு. பஸ் எங்கே வருகிறது என்று எங்கள் மேசைக்குத் தகவல் வந்துகொண்டே இருக்கும், கப்பல் காத்திருக்கும். காத்திருக்கவே முடியாத நிலை வந்தாலும் உங்களை அடுத்த துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு, அவர்கள் செலவு. வெளி டூர் நிறுவனங்கள் சில 'கப்பலுக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவோம், உத்தரவாதம்' என்று போடுகின்றன. அதை நன்றாகப் படியுங்கள். தவறவிட்டால் அடுத்த துறைக்குப் போகும் செலவை ஏற்போம் என்பதுதான் அதன் பொருள். கப்பல் நிற்கும் என்று அவர்களால் சொல்ல முடியாது. அந்தச் செலவை அவர்களே ஏற்றாலும், முழங்கால் வலியோடு ஓர் அம்மாவும் ஒரு சிறுவனும் இரவோடு இரவாக விமானம் மாறி மாறிக் கேமன் போய்ச் சேருவதை நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் வெளி டூரே கூடாதா என்றால், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கப்பல் நிறுவனத்துக்குச் சொந்தமாக பஸ்ஸோ வழிகாட்டியோ பெரும்பாலும் கிடையாது. உள்ளூர் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு, தங்கள் பங்கைச் சேர்த்து விற்கிறார்கள். பல துறைகளில் வெளியில் மலிவாக விற்பவரும் கப்பலுக்காக ஓட்டுபவரும் ஒருவரேதான். எங்கள் மேசைக்கு விற்பனை இலக்கும் இருந்தது. அதனால் வெளியில் போனால் ஆபத்து என்று ஊழியர் சொல்வதைக் கேட்கும்போது அதையும் மனதில் வையுங்கள். நான் என் சொந்தக்காரர்களுக்குச் சொல்லும் கணக்கு எளிமையானது. இடம் தூரமாக இருந்து, நடுவில் வண்டி மாற வேண்டியிருந்தால், அதுவும் ஃபெர்ரி என்றால், கூடுதல் பணம் கொடுத்துக் கப்பல் டூரையே எடுங்கள். இடம் பக்கத்தில் இருந்து, ஒரு டாக்ஸியில் போய்த் திரும்பிவிடலாம் என்றால் கப்பல் டூருக்குப் பணம் கட்டுவது வீண். துலும் முதல் வகை. கோஸுமெல் தீவுக்குள் இருப்பதெல்லாம் இரண்டாவது வகை.

இப்போது அம்மா. டூர் பட்டியலில் எளிது, நடுத்தரம், கடினம் என்று சின்னச் சின்னப் படங்கள் போட்டிருப்பார்கள். துலும் பெரும்பாலும் நடுத்தரத்தில் வரும். அந்தப் படம் வெயிலைச் சொல்லாது. துலும் மதில் சூழ்ந்த ஊர், கடலோரப் பாறை முகட்டின் மேல் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டுவரை செழித்திருந்தது. 1518இல் இந்தக் கரையை ஒட்டி வந்த ஸ்பானியர்கள் பார்த்து வியந்த இடம். சாம்பல் நிறக் கல் மண்டபத்துக்குப் பின்னால் அந்த நீலக் கடல் தெரியும் காட்சிக்காகத்தான் எல்லோரும் போகிறார்கள். ஆனால் வண்டி நிற்கும் இடத்திலிருந்து நன்றாக நடக்க வேண்டும். தரை சீரில்லை, மதிலுக்குள் போய்விட்டால் நிழல் மிகக் குறைவு. ஜூலை நண்பகலில் காற்றில் ஈரம் நிறைந்து, உடம்பைச் சோர்த்துவிடும்.

ஒருமுறை துலும் டூருக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள். அதில் ஒரு குஜராத்திக் குடும்பம், கூடவே உங்கள் அம்மா வயதில் ஒரு பாட்டி. நுழைவாயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்ததுமே அவருக்குக் கால் வரவில்லை. ஒரு மர நிழலில் உட்கார வைத்துவிட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மற்றவர்களை அனுப்பினேன். அவர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து எனக்குப் பாதி உடைத்துக் கொடுத்தார். எதிரே ஒரு கல்லின் மேல் பெரிய உடும்பு போன்ற இகுவானா ஒன்று அசையாமல் படுத்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "கடல் இங்கிருந்து தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. மதிலுக்கு அந்தப் பக்கம் போனால்தான் தெரியும். மகனும் மருமகளும் அம்மா தனியாக இருக்கிறாரே என்று அரைமணியில் ஓடிவந்துவிட்டார்கள், அவர்களும் சரியாகப் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் கால்வாயில் அலை அதிகம், பேரனுக்கு வாந்தி. அந்தக் கால்வாயில் ஃபெர்ரி குலுங்குவது புதிதல்ல. யாரும் தப்பு செய்யவில்லை. அந்தக் குடும்பத்துக்கு அந்த டூர் பொருந்தவில்லை, விற்கும்போதே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கும் எனக்கு அது உறுத்தல்தான். உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தீவிலேயே என்ன இருக்கிறது? மாயாக்களின் இடம் ஒன்றைப் பையனுக்குக் காட்ட வேண்டும் என்றால் தீவின் உள்பகுதியில் சான் ஹெர்வாசியோ இருக்கிறது. துலும் போலக் கம்பீரமானது இல்லை, அதை முன்பே சொல்லிவிடுகிறேன். சிறிய கட்டடங்கள், இடையே காட்டுப் பாதை. ஆனால் கதை பெரியது. இஷ்செல் என்ற தெய்வத்துக்கான தலம் அது. நிலவுக்கும் மகப்பேற்றுக்கும் மருத்துவத்துக்கும் நெசவுக்கும் உரியவள். பெண்கள் எதிர்க்கரையிலிருந்து தோணியில் கடலைக் கடந்து இங்கே வந்து குழந்தை வரம் கேட்டிருக்கிறார்கள். நம் அம்மாக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை, உடனே புரியும். ஒரு கட்டடத்தின் சுவரில் சிவப்புச் சாயத்தில் பதித்த கைத்தடங்கள் மங்கலாகத் தெரியும். ஸ்பானிய மொழியில் அதற்குப் பெயரே 'சின்னக் கைகள்'. பையன்கள் அதன் முன் நின்றுவிடுவார்கள். பாதை பெரும்பாலும் சமதளம், மரநிழல் உண்டு. அம்மா நுழைவாயில் பக்கமே இருந்துகொண்டு அருகிலிருப்பதை மட்டும் பார்த்தாலும் நஷ்டமில்லை. கொசு நிறைய, மருந்து பூசிக்கொள்ளுங்கள்.

சீக்கிரமே கிளம்பி வெயில் ஏறுமுன் அதை முடித்துக்கொண்டு, மேற்குக் கரையில் இருக்கும் சங்கனாப் பூங்காவுக்குப் போய்விடுங்கள். பெரிய கப்பல்கள் கட்டும் தெற்குப் பியர்களிலிருந்து அது டாக்ஸியில் சில நிமிடம்தான். மரங்கள், நிழல், உட்கார நாற்காலி, கழிப்பறை, சாப்பாடு எல்லாம் ஒரே வளாகத்தில். அம்மா நிழலில் சாய்ந்துகொண்டு கடலைப் பார்க்கலாம், நீங்கள் மூவரும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு கரையோரமே முகத்தைத் தண்ணீரில் வைத்து மீன் பார்க்கலாம். உலகத்தின் இரண்டாவது பெரிய பவளத் தடுப்புப் பாறைத் தொடரின் ஒரு பகுதி இந்தத் தீவைச் சுற்றித்தான் இருக்கிறது. கரையோரத்திலேயே நீலமும் மஞ்சளுமாக மீன்கள் தெரியும். நீச்சல் தெரியாதவர்கள் சட்டையைக் கழற்றவே கூடாது, வெளிக்கயிற்றைத் தாண்டவும் கூடாது. அந்தக் கரையில் நீரோட்டம் பலமானது. தீவின் கிழக்குக் கரை பார்க்க அழகு, ஆனால் அங்கே தண்ணீரில் இறங்க வேண்டாம். ஜூலையில் சர்காஸம் என்ற பழுப்புப் பாசி குவியக்கூடிய பக்கமும் அதுதான். எந்த வாரத்தில் எவ்வளவு ஒதுங்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மேற்குப் பக்கம் பெரும்பாலும் தப்பிவிடும். முன்பதிவுக்கு முன் பூங்கா அன்று திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்ஸிக்கு மீட்டர் கிடையாது. இடத்துக்கும் ஆள் எண்ணிக்கைக்கும் ஏற்ப விலைப் பட்டியல் பியர் வாசலில் ஒட்டியிருக்கும். ஏறுவதற்கு முன் விலையையும், டாலரா பெசோவா என்பதையும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். சான் ஹெர்வாசியோவில் காத்திருந்து அப்படியே பூங்காவில் இறக்கிவிடுவதற்கு மொத்தமாக ஒரு தொகை பேசினால் பல ஓட்டுநர்கள் ஒத்துக்கொள்வார்கள். பணத்தைக் கடைசி இறக்கத்தில் கொடுங்கள்.

சாப்பாடு பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். கப்பல் பஃபேயிலிருந்து பழமோ சமைத்த உணவோ கட்டி எடுத்துப் போகாதீர்கள். துறைமுக விதி அதை அனுமதிக்காது, வாசலில் வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். மூடிய பிஸ்கட் பாக்கெட் பிரச்சினை இல்லை. மெக்சிகோவில் 'சின் கார்னே' என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். ஆனால் கோழியும் மீனும் அதில் அடங்காது என்று நினைப்பவர்கள் உண்டு. 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேகவைத்து மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், அதற்கு 'சின் மன்தேகா'. சோள டோர்டியா, வெண்ணெய்ப்பழத்தில் செய்த குவாகமோலே, சோறு என்று ஒரு வேளை நன்றாகவே ஓடிவிடும்.

கிராண்ட் கேமனில் என் ஆலோசனை நேர்மாறாக இருக்கும்: அங்கே கப்பல் டூரையே எடுங்கள். அங்கே ஜார்ஜ் டவுனில் பெரிய கப்பல்கள் கட்டுவதற்குப் பியர் இல்லை. கரைக்குச் சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டு, டெண்டர் என்ற சிறு படகில் கரைக்கு அழைத்துப் போவார்கள். கப்பல் டூர் எடுத்தவர்களுக்கு முதல் படகுகள், மற்றவர்கள் சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும். அலை அதிகமாக இருந்தால் அந்தத் துறையையே விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும். அப்போது கப்பல் டூர் பணம் தானாகத் திரும்பி வரும். வெளியில் கட்டியது அந்த நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது. திருக்கை மீன்களோடு நிற்கும் மணல்திட்டுக்கு உங்கள் பையன் கட்டாயம் ஆசைப்படுவான், போகலாம். மீனவர்கள் அந்த அமைதியான நீரில் மீனைக் கழுவி மிச்சத்தைப் போடப் போட, திருக்கைகள் பழகிப்போன இடம் அது. தண்ணீர் பெரியவர்களுக்கு இடுப்பளவு, அவனுக்கு நெஞ்சுக்கு மேல் வரலாம், மிதவைச் சட்டை கட்டாயம். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடக்கச் சொல்லிக் கொடுங்கள். வாலில் முள் இருக்கிறது, மிதித்தால்தான் ஆபத்து. அம்மா படகிலேயே உட்கார்ந்து பார்க்கலாம். அவருக்கு உண்மையான சோதனை டெண்டரில் கால் வைக்கும் அந்த ஒரு எட்டுதான். ஊழியர்கள் இருபுறமும் கையைப் பிடித்துக்கொள்வார்கள், ஆனாலும் படகு மேலும் கீழும் ஆடும். அன்று காலை கடலைப் பார்த்து அவரே முடிவு செய்யட்டும். முழங்கால் எந்த அளவு தாங்கும் என்பதில் என் அனுபவம் உதவாது. அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிட்டு வருவது நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்று. அம்மா வைத்திருக்கும் அமெரிக்க விசா பலமுறை நுழையும் வகையா என்று இன்றே பாருங்கள். பயணம் முடிந்து மயாமியில் இறங்குவது மறுபடி அமெரிக்காவுக்குள் நுழைவதாகவே கணக்கு. இரண்டு துறைகளுக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு என்ன வேண்டும் என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கரைக்குப் போகும்போது பாஸ்போர்ட், விசா நகல்களும், தினத்தாளில் போட்டிருக்கும், கப்பலின் உள்ளூர்ப் பிரதிநிதியான துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணும் பையில் இருக்கட்டும்.

துலும் டூருக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா என்று எழுதவில்லை. கப்பல் டூராக இருந்தால் துறைக்கு ஒன்றிரண்டு நாள் முன்புவரை ரத்து செய்ய விடுவார்கள். சரியான கெடு உங்கள் ரசீதிலேயே இருக்கும். உங்கள் கணவருக்குத் துலும் மேல் அவ்வளவு ஆசை என்றால், அவர் மட்டும் கப்பல் டூரில் போய்வரட்டும். நீங்கள் மூவரும் தீவிலேயே இருங்கள். மாலையில் மேல்தட்டில் அம்மாவுக்குப் படம் காட்டிக் கதை சொல்ல அவருக்கும் விஷயம் இருக்கும், சிவப்புக் கைத்தடங்களைப் பற்றிச் சொல்லப் பையனுக்கும் விஷயம் இருக்கும்.